ஹெட்போனில் கேட்ட சேப்பாக்கம்

கிரிக்கெட் நேரலையில் ஒலிப்பிரிவில் கேபிள் இழுக்கும் உதவியாளனாகச் சேர்ந்து, இப்போது மைதானத்து மைக்குகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். டிவியில் ஆட்டம் பார்க்கும்போது பந்து மட்டையில் படுகிற 'டொக்', விக்கெட் கீப்பர் விடாமல் பேசுவது, கேலரி மொத்தமும் எழுந்து கத்துவது என்று எல்லாம் கேட்கிறதே, அது தானாக வந்து சேர்வதில்லை. எல்லைக்கோட்டுக் கயிற்றுக்கு வெளியே சுற்றிலும் மைக்குகளை நட்டு, அவற்றின் கேபிள்களை மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஓபி வேனுக்கு, அதாவது நேரலைக் கருவிகள் உள்ள வண்டிக்குக் கொண்டுபோய், அங்கே ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு பந்துக்கும் ஏற்றி இறக்கிக் கலந்து கொடுத்த பிறகுதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஆட்டம் எங்களுக்குப் பாதி கண்ணில், பாதி காதில்.

வேலைக்காக நாட்டின் பெரிய மைதானங்கள் பலவற்றுக்கும் போயிருக்கிறேன். கல்யாண வீடுகளில் உறவுக்காரர்கள் தவறாமல் கேட்பார்கள்: "எல்லா ஸ்டேடியமும் சுத்துறியே, எதுப்பா பெஸ்ட்டு?" சேப்பாக்கம் என்பேன். சொந்த ஊர்ப் பாசம் என்று சிரித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு விளையாட்டு மைதானம் எதனால் பேர் பெறுகிறது, கட்டடத்தாலா, சாதனைகளாலா, வேறு எதனாலா என்பதை இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். என் பதில் இந்த வேலையிலிருந்துதான் வருகிறது.

முதலில் சேப்பாக்கத்தில் எங்கள் காலைப்பொழுது எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கடற்கரை பக்கத்திலேயே இருப்பதால் உப்புக்காற்று எந்த இணைப்பையும் விட்டு வைக்காது. முந்தைய ஆட்டத்துக்குப் பிறகு சரியாகத் துடைத்து வைக்காத கேபிள் முனையைத் திறந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். அதைச் சுரண்டித் துடைத்து, ஒவ்வொரு மைக்காகச் சொடுக்கிப் பார்ப்போம். நண்பகலுக்குப் பிறகு கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரும். ரசிகர்களுக்கு அது வரம். எங்களுக்கு மைக்கில் 'புர்ர்' என்று உருளும் இரைச்சல். அதனால் மைக்கின் பஞ்சு உறைக்கு மேலே முடி வைத்த உறை ஒன்றையும் மாட்டி, வேனில் அடித்தொனியை வெட்டுவோம். 2011இல் ஐ, ஜே, கே கேலரிகளைப் புதிதாகக் கட்டியபோது, கடல்காற்று தடையில்லாமல் உள்ளே வரும்படியே வடிவமைத்தார்கள். பழைய கட்டடத்தில் அந்தக் காற்று பந்தை வளைத்ததாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. எப்படியும் என் மைக்கை அது ஒவ்வொரு நாளும் வளைக்கப் பார்க்கிறது.

நான் சேப்பாக்கத்தில் வேலை பார்த்த முதல் டெஸ்ட் 2016 டிசம்பரில் நடந்த இங்கிலாந்து டெஸ்ட். வர்தா புயல் 12ஆம் தேதி கரையைக் கடந்தது, ஆட்டம் 16ஆம் தேதி. ஊரெங்கும் மரங்கள் சாய்ந்து கிடந்தன, பல தெருக்களில் கரண்ட் இல்லை. மைதானத்தில் சைட் ஸ்கிரீன்கள், அதாவது பந்து தெளிவாகத் தெரிய எல்லைக்கு வெளியே நிறுத்தும் பெரிய திரைகள், சேதமாகியிருந்தன. ஆடுகளத்தைக் காய வைக்க ஊழியர்கள் தட்டுகளில் எரியும் கரியை நிரப்பி அதன் மேல் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலைமையில் ஆட்டம் குறித்த நாளில் தொடங்கியதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303, இந்தியா 7 விக்கெட்டுக்கு 759. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. என் மனதில் நிற்பது ஐந்தாம் நாள் காலை.

அன்று உணவு இடைவேளை வரை ஒரு விக்கெட்டும் விழவில்லை. இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர்கள் குக்கும் ஜென்னிங்ஸும் தடுத்துத் தடுத்து ஆடினார்கள். நேரலைக்குச் சலிப்பான காலை. இப்படிப்பட்ட நேரத்தில் கூட்டத்து மைக்குகளின் ஃபேடரை, அதாவது ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை, கொஞ்சம் கீழே இறக்குவது வழக்கம். சும்மா இருக்கிற கூட்டத்தின் முணுமுணுப்பு வர்ணனைக்கு இடைஞ்சலாக இருக்கும். எங்கள் சீனியர், எல்லோரும் அண்ணே என்று கூப்பிடுகிறவர், என் காதிலிருந்த ஹெட்போனில் ஒரு பக்கத்தை நகர்த்திவிட்டுச் சொன்னார்: "தம்பி, இது சேப்பாக்கம். இங்க ரன் வராத பந்துக்கும் சத்தம் வரும். ஓவர் முடியிறப்ப கேளு."

கேட்டேன். ஜடேஜா ஒரு ரன்னும் கொடுக்காமல் ஒரு ஓவரை, அதாவது மெய்டன் ஓவரை, முடித்தார். கைத்தட்டல் வந்தது. பெரிய ஆரவாரமெல்லாம் இல்லை. சிதறலாக ஆரம்பித்து, இரண்டு மூன்று கேலரிகளுக்குப் பரவி, ஃபீல்டர்கள் இடம் மாறுவதற்குள் அடங்கிய கைத்தட்டல். ஆறு பந்துகளையும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் மட்டுமே அப்படித் தட்ட முடியும். அடுத்த ஓவரில் ஒரு பந்து திடீரென்று எகிறித் திரும்பியது. மட்டையில் படவில்லை, அப்பீலும் இல்லை, ஆனால் கூட்டத்திலிருந்து 'ஹா' என்று ஒரு மூச்சு வந்தது. மதியம் ஆடுகளம் தன் வேலையைக் காட்டப்போகிறது என்று அந்த மூச்சு முன்கூட்டியே சொல்லிவிட்டது. ஜடேஜா 48 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 207க்குச் சுருண்டது. அன்றிலிருந்து சேப்பாக்கத்தில் நான் ஃபேடரை இறக்குவதே இல்லை.

சாதனைகள்தான் ஒரு மைதானத்துக்குப் பேர் வாங்கித் தருகின்றன என்று சொல்கிறவர்களிடம் நான் பெரியமேட்டைக் காட்டுவேன். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் நின்றது. 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்கள் வீசினார். அந்த இன்னிங்ஸில் அவர் கணக்கு 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். இரண்டும் மெட்ராஸில் நடந்தவை. எங்கே என்று நம் ஊர் ரசிகரைக் கேளுங்கள், பத்தில் ஒன்பது பேர் சேப்பாக்கம் என்பார்கள். உண்மையில் இரண்டும் நடந்தது பெரியமேட்டிலுள்ள கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், அதாவது இன்றைய ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில். 1956 முதல் சுமார் பத்து ஆண்டுகள் மெட்ராஸ் டெஸ்ட் அங்கேதான் நடந்தது. 1967 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோது ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது, அப்புறம் பெரியமேடு கால்பந்துக்கும் தடகளத்துக்கும் போனது. சாதனையைப் பெரியமேடு கொடுத்தது, பேரைச் சேப்பாக்கம் எடுத்துக்கொண்டது. இது எனக்கு வருத்தமான விஷயம்தான். நட்கர்னியின் அந்த மெய்டன்களுக்கு யாராவது கைத்தட்டியிருப்பார்கள் அல்லவா?

நேரு ஸ்டேடியத்திலும் சென்னையின் எஃப்சி கால்பந்து அணியின் ஆட்டங்களுக்கு வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் ஓட்டப்பாதை இருப்பதால் கேலரிக்கும் புல்லுக்கும் இடையே நல்ல தூரம். ஒரு பக்கம் பாடுகிற பாட்டு எதிர்ப்பக்க மைக்கில் சற்றுத் தாமதமாகத் தேய்ந்து வந்து விழும். அங்கே வரும் ரசிகர்களின் பற்றில் குறை கிடையாது, தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அந்தத் தூரம்தான் அவர்கள் சத்தத்தைத் தின்றுவிடுகிறது. நுங்கம்பாக்கம் டென்னிஸ் ஸ்டேடியம் இதற்கு நேரெதிர். சிறிய கிண்ணம், ஷூ தேய்கிற கீச்சு கூடக் கடைசி வரிசைக்குக் கேட்கும். 1997 முதல் 2017 வரை ஒவ்வொரு ஆண்டும் அங்கே உலக வீரர்கள் ஆடினார்கள். போட்டி புனேவுக்குப் போனதும் அந்த அரங்கம் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. எழும்பூர் ஹாக்கி மைதானத்தில் 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் நடந்து, இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது. நீல நிறத் தரையைச் சுற்றி எழுந்த சத்தத்தை அன்று கேட்டவர்களுக்கு இந்த ஊரில் ஹாக்கி செத்துவிட்டது என்று சொல்ல வாய் வராது. ஆனால் அப்படிப்பட்ட ஆட்டம் வருடாவருடம் வர வேண்டும். ஒரு தலைமுறை தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதே வாசல் வழியாக மறுபடி மறுபடி உள்ளே நுழையாமல் கூட்டத்துக்குக் காது பழகாது.

கட்டடம் விஷயத்துக்கு வருகிறேன். லண்டனில் வெம்ப்ளி ஸ்டேடியத்தின் அடையாளமே அதன் இரட்டைக் கோபுரங்கள்தான். 2003இல் இடித்துவிட்டார்கள். 2007இல் புதிய அரங்கம் 133 மீட்டர் உயர வளைவோடு திறந்தது, வெம்ப்ளி வெம்ப்ளியாகவே இருக்கிறது. லார்ட்ஸ் மைதானத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சுமார் இரண்டரை மீட்டர் சரிவு உண்டு. எந்த இஞ்சினியரும் அதைக் குறை என்றுதான் எழுதுவார். அங்கே யாரும் அதைச் சமன் செய்யவில்லை, அந்தச் சரிவில் பந்து வீசக் கற்றுக்கொள்கிறார்கள். ஊர் கூடி ஒத்துக்கொண்ட குறை அது.

சேப்பாக்கத்தில் பழைய கேலரிகளில் தூண்கள் பார்வையை மறைக்கும். தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர் கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்ததையும், பார்க்க முடியாத பந்தைப் பக்கத்து ஆள் சொல்லக் கேட்டதையும் என் அப்பா நூறு முறை சொல்லியிருக்கிறார். 2011இல் தூண்கள் போய், வெள்ளைக் கூம்புகளாகக் கூடாரக் கூரை வந்தது. ஐ, ஜே, கே என்ற அந்த மூன்று கேலரிகளும் பிறகு ஒரு பிரச்சினையால் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. நேரலையில் காலி நாற்காலிகள் தெரியாமல் கேமராக்காரர்கள் பட்ட பாடு அவர்களுக்குத்தான் தெரியும். எனக்கும் அந்தப் பக்கம் மைக் வைத்தால் எதிரொலி மட்டுமே கிடைக்கும். 2023 மார்ச்சில் அண்ணா பெவிலியன் இருந்த இடத்தில் கலைஞர் பெயரில் புதிய கேலரி திறக்கப்பட்டது. ஆக, 1934இல் முதல் டெஸ்ட் நடந்தபோது இருந்த கட்டடத்தில் ஏறக்குறைய எதுவுமே இன்று இல்லை. பேர் மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் அது செங்கல்லில் இல்லை என்றுதானே அர்த்தம்?

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் டெஸ்ட் நடந்தபோது நான் இந்த வேலையில் இல்லை. அண்ணே அன்று கேலரியில் இருந்தார், ரசிகராக. வாசிம் அக்ரம் தலைமையிலான பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகுவலியோடு சச்சின் 136 அடித்து, இன்னும் 17 ரன் தேவை என்கிற நிலையில் அவுட். அதன் பிறகு மிச்சமிருந்த விக்கெட்டுகள் 4 ரன்னுக்குள் போயின. 12 ரன்னில் தோல்வி. "எப்படி இருந்துச்சுண்ணே?" என்று கேட்டேன். "ஒரு நிமிஷம் ஒண்ணுமே இல்ல தம்பி. பக்கத்துல ஒருத்தர் அழுதுக்கிட்டிருந்தார். அப்புறம் அக்ரம் ஆளுங்க மைதானத்தைச் சுத்தி வர ஆரம்பிச்சாங்க. அழுதுக்கிட்டிருந்த அதே ஆளு எழுந்து நின்னு தட்டினார்." மொத்த மைதானமும் எழுந்து நின்றது உலகமே அறிந்த கதை. எனக்கு அந்த ஒரு ஆள் போதும்.

அதே போன்ற ஒன்றை என் ஹெட்போனிலேயே கேட்கும் பாக்கியம் 2023 உலகக் கோப்பையில் கிடைத்தது. அக்டோபர் 23, ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை 8 விக்கெட்டில் வென்ற இரவு. இரண்டுமே நம் அணி இல்லை. ஆனாலும் கடைசி ஓவர்களில் கேலரி ஒவ்வொரு ரன்னையும் கூடவே எண்ணியது. ஆட்டம் முடிந்து ஆப்கான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது, அவர்கள் நகர நகர என் மைக்குகளில் சத்தமும் வரிசையாக நகர்ந்தது. ஒன்று ஏறும், முந்தையது இறங்கும், அடுத்தது ஏறும். ஒலி அளவைக் காட்டும் மீட்டர்களைப் பார்த்தே அவர்கள் எந்தக் கேலரிக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று சொல்ல முடிந்தது.

ஆனால் என் யோசனைக்கெல்லாம் சாட்சியாக நிற்பது 2021 பிப்ரவரிதான். கொரோனா காலம். இங்கிலாந்தோடு முதல் இரண்டு டெஸ்ட்களும் அடுத்தடுத்துச் சேப்பாக்கத்தில். முதல் டெஸ்டுக்குப் பார்வையாளர் அனுமதி இல்லை. இரண்டாவதற்குப் பாதி இருக்கைகளுக்கு அனுமதி. அதே மைதானம், அதே அணிகள், அதே மைக்குகள், இடையில் சில நாட்கள்.

முதல் டெஸ்டில் ஜோ ரூட் தன் நூறாவது டெஸ்டில் 218 அடித்தார். அவ்வளவு பெரிய ஆட்டம், சிக்ஸ் அடித்து இரட்டைச் சதம். வேனில் எனக்குக் கேட்டது மட்டையின் ஓசை, அவர்கள் அணியினர் பால்கனியில் தட்டியது, அப்புறம் காகம். கேலரிக்குப் பின்னால் பறக்கும் ரயில் போகிற தடதடப்பு, பாங்கு சத்தம், எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன். மக்கள் நிரம்பியிருக்கும்போது ஒருநாளும் கேட்காத ஊர்ச் சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது. ஒலித் தரம் என்று பார்த்தால் என் வேலையில் அதைவிடச் சுத்தமான பதிவு கிடைத்ததில்லை. ஆனால் அதைக் கேட்டு எந்த ஊர் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. சேப்பாக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அங்கே இல்லவே இல்லை.

இரண்டாவது டெஸ்டின் முதல் நாள் காலை, வாசல் திறந்து அரை மணி நேரத்தில் மீட்டர் ஊசிகள் அசையத் தொடங்கியதும் வேனில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்தாலும் விசில் விசில்தான். மூன்றாம் நாள் அஸ்வின் சதத்தை நெருங்கியபோது மறுமுனையில் கடைசி ஆளாகச் சிராஜ். அவர் தடுத்து நிறுத்திய ஒவ்வொரு பந்துக்கும் கேலரி அலறியது. ரன் இல்லை, பந்து காலடியில் செத்து விழுகிறது, அதற்கு ஒரு சிக்ஸருக்குரிய சத்தம். மேற்கு மாம்பலத்துப் பையன் தன் ஊரில் சதம் அடிக்க வேண்டுமென்றால் சிராஜ் நிற்க வேண்டும் என்பது அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. சதம் வந்தபோது அஸ்வினைவிட உயரமாகக் குதித்தவர் சிராஜ். பாதிக் கூட்டம்தான். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இதனால்தான் ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. டி20 ஆட்டங்களில் இப்போது ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே ஒலிபெருக்கியில் பாட்டு. ஓவர் முடிந்தால் பாட்டு, விக்கெட் விழுந்தால் பாட்டு, அறிவிப்பாளர் 'சத்தம் பத்தல சென்னை' என்று கூவுவது வேறு. என் மைக்குகள் எல்லாவற்றிலும் அந்தப் பாட்டுதான் வந்து நிரம்புகிறது, எந்தப் பக்கம் திருப்பினாலும் தப்ப முடியாது. எந்த ஊர் மைதானத்திலும் அதே பாட்டு, அதே கூவல். தானாகத் தட்டத் தெரிந்த கூட்டத்தை எப்போது தட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக் கெடுக்கிறார்கள். போட்டி நடத்துபவர்களிடம் இதைப் பேசிப் பார்த்திருக்கிறோம், எடுபடவில்லை. டி20 கூட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. தோனி படியிறங்கும்போது எங்கள் மீட்டர் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். 2024 ஏப்ரலில் கொல்கத்தா அணியின் ரஸ்ஸல் எல்லைக்கோட்டருகே இரண்டு காதையும் பொத்திக்கொண்டதை எல்லோரும் பார்த்தீர்கள். அந்தச் சத்தத்தை எழுப்ப ஒலிபெருக்கி எதுவும் தேவைப்படவில்லை. அந்த நம்பிக்கையோடு கூட்டத்தைக் கொஞ்சம் சும்மா விட்டால் போதும் என்கிறேன்.

இப்போது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். கேபிள் சுற்றுவதும் மைக் நடுவதும் சீக்கிரம் வந்துவிடும். காது வருவதற்குத்தான் நாளாகும். அதனால் டெஸ்ட் ஆட்டம் என்றால் ஒரு செஷன் முழுக்க அவர்களை மைதானத்துக்கு முதுகு காட்டி உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்வேன். பவுண்டரியா, தவறவிட்ட கேட்சா, அம்பயர் மறுத்த அப்பீலா, மெய்டனா. 2024 செப்டம்பரில் வங்கதேச டெஸ்ட். முதல் நாள், இந்தியா 144 ரன்னில் தடுமாறிக்கொண்டிருந்தது. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், திருச்சிப் பக்கம், சேப்பாக்கத்தில் அதுதான் முதல் நாள் வேலை. ராகுல் அவுட்டானார். ஹெட்போனில் ஒரு பெருமூச்சு கீழே இறங்கியது, முழுதாக அடங்குவதற்கு முன்பே பாதியில் திரும்பி மேலே ஏறத் தொடங்கியது.

"விக்கெட் போயிடுச்சுண்ணா, நம்ம விக்கெட்டுதான்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா யாரோ இவங்க ஊர்க்காரர் இறங்குறார். அஸ்வினா?"

திரும்பிப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அஸ்வின்தான், மட்டையோடு பாதி தூரம் வந்துவிட்டிருந்தார். அன்று மாலைக்குள் சதம் அடித்தார். அவளை அடுத்த நாளே தனியாக ஒரு மைக்குக்குப் பொறுப்பாகப் போட்டேன்.